பினாங்கு நகரமும் பிரசார சாஸ்திரமும்

மலாயாவில் அவசரகாலச் சட்டம் அமலில் இருந்த நாட்களில், காட்டைவிட்டு வெளிவந்து சரணடைந்த கம்யூனிஸ்டுப் போராளிகளை ஒருவர் பின் ஒருவராக எதிரில் அமர்த்தி, அவர்கள் எதனால் இயக்கத்திற் சேர்ந்தார்கள், எதனால் அதைவிட்டு விலகினார்கள் என்று பொறுமையோடு விசாரித்துக் குறிப்பெடுத்த லூசியன் பை என்ற அமெரிக்க அறிஞர், அறுபது பேரிடம் நடத்திய அவ்விசாரணையின் பயனாக 1956ஆம் ஆண்டில் மலாயாவின் கொரில்லாக் கம்யூனிசத்தைப் பற்றிய தமது நூலை வெளியிட்டார். ஏழாண்டுகள் கழித்து, 1963இல், செய்தித் தொடர்புக்கும் அரசியல் வளர்ச்சிக்கும் உள்ள சம்பந்தத்தைப் பற்றி அவரே பதிப்பித்த கட்டுரைத் தொகுதி, அரசியல் தொடர்பியல் என்று இன்று வழங்கும் சாஸ்திரத்தின் ஆரம்ப நூல்களுள் ஒன்றாக மதிக்கப்படுகிறது. அதே அவசரகாலத்தில், பின்னாளில் பி.பி.சி.யின் தலைமை இயக்குநராக உயர்ந்த ஹியூ கார்ல்டன் கிரீன், 1950ஆம் ஆண்டில் மலாயாவுக்கு வந்து ராஜாங்கத்தின் பிரசாரப் பகுதிக்குத் தலைமை ஏற்றார். ஆகாய விமானங்களிலிருந்து துண்டுப் பிரசுரங்கள் காட்டின்மேற் பொழிந்தன. ஒலிபெருக்கி பொருத்திய விமானங்கள் மரங்களுக்கு மேலே வட்டமிட்டுப் பேசின. படம் காட்டும் வண்டிகள் ரப்பர்த் தோட்டங்களுக்குள் சென்றன. வானொலி தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் ஜனங்களை அழைத்துப் புத்திமதி கூறிற்று.

இதை முதலிற் சொல்வதற்குக் காரணம் உண்டு. அரசியல் தொடர்பியல் என்பது மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளிற் பிறந்து, நன்கு வளர்ந்தபின் கப்பலேறி நம்மிடம் வந்த வித்தை என்று எண்ணுவது வழக்கமாக இருக்கிறது. உண்மையில் அதன் வேர்களுள் ஒன்று மலாயா மண்ணிலேயே ஊன்றப்பட்டது. ஆனால் அன்று இந்நாட்டு ஜனங்கள் ஆராய்பவர்களாக இராமல் ஆராயப்படுபவர்களாக மட்டுமே இருந்தார்கள். ஜனங்களை எவ்வாறு நம்பவைப்பது என்ற ராஜாங்கத்தின் கேள்வியோடு தோன்றிய அந்தச் சாஸ்திரம், பினாங்குத் தீவில் ஒரு சர்வகலாசாலையிற் குடிபுகுந்த பிறகு, நம்பவைக்கிறவர் யார், எவர் கொடுத்த அனுமதியின் பேரில் அவர் பேசுகிறார் என்ற கேள்வியாகத் திரும்பியது எப்படி என்பதையும், அந்தத் திருப்பத்திற்கு அப்பாலும் கேட்கவேண்டிய மூன்றாவது கேள்வி ஒன்று, அதாவது ஜனங்கள் தங்களுக்குள் அரசியலை எவ்வாறு பேசிக்கொண்டார்கள் என்ற கேள்வி, குறிப்பாகத் தமிழ் மக்களைப் பொறுத்தவரை, போதிய கவனம் பெறாமல் நிற்பதையும் எடுத்துக்காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பினாங்கு பழைய பத்திரிகை நகரம். 1806ஆம் ஆண்டிலேயே இங்கு ஆங்கிலப் பத்திரிகை ஒன்று தோன்றிவிட்டது. மலாயா முழுமைக்கும் அதுவே முதற் பத்திரிகை. 1880களில் நாகூர் குலாம் காதிறு நாவலர் இங்கிருந்து 'வித்தியா விசாரிணி' என்ற தமிழ்ப் பத்திரிகையை நடத்தினார். 1910இல் சன் யாட்-சென் இத்தீவிலே தொடங்கிய 'குவாங் வா' என்ற சீன நாளிதழ் இன்றளவும் வெளிவந்துகொண்டிருக்கிறது. இஸ்லாமிய சீர்திருத்தத்தின் குரலாக சையது ஷெய்க் அல்-ஹாடி 1926இல் 'அல்-இக்வான்' என்ற சஞ்சிகையையும், 1928இல் 'சவுடாரா' என்ற பத்திரிகையையும் ஜெலுத்தோங் பகுதியிலிருந்து வெளியிட்டார். 1929 டிசம்பரில் பெரியார் ஈ.வெ. ராமசாமி மலாயாச் சுற்றுப்பயணத்துக்காக வந்து இறங்கியதும் இந்தத் துறைமுகத்திலேதான். ஒரு சிறிய தீவில் நான்கு பாஷைகளில் அச்சு யந்திரங்கள் ஓடின. சீனப் புரட்சியும், இஸ்லாமிய மறுமலர்ச்சியும், இந்திய தேசிய இயக்கமும், சுயமரியாதைப் பிரசாரமும் சில தெருக்களின் தூரத்துக்குள் அடுத்தடுத்து நடைபெற்றன. ஆயினும் ஒவ்வொரு சமூகமும் தன் பாஷைப் பத்திரிகையைத்தான் படித்தது. அடுத்த தெருவில் என்ன விவாதம் நடக்கிறது என்பது பெரும்பாலோருக்குத் தெரியாது. பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தும் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேளாத இந்த நிலையே மலேசிய அரசியல் தொடர்பின் மூலப் பிரச்சினை என்று நான் கருதுகிறேன். பின்வந்த ஆட்சியாளர் அதைத் தீர்க்க முயன்றதைக் காட்டிலும் பயன்படுத்திக்கொண்டதே அதிகம்.

இத்தீவில் ஒரு சர்வகலாசாலை வேண்டும் என்ற தீர்மானம் 1962இல் மாநிலச் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. 1967இல் சுங்கை ஆராவில் அடிக்கல் நாட்டப்பட்டது. 1969இல் சர்வகலாசாலை தோன்றிற்று. பின்னர் பிரிட்டிஷ் படையினர் தங்கியிருந்த மிண்டன் முகாமுக்குக் குடிபெயர்ந்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் என்ற பெயரைப் பெற்றது. அது தோன்றிய ஆண்டு எத்தகைய ஆண்டு என்பதை மறக்கலாகாது. 1969 மே மாதத்துப் பொதுத்தேர்தலில், சையது ஹுசேன் அலாத்தாஸ், வாங் குங்வூ முதலிய பேராசிரியர்களையும் ஸ்தாபகர்களாகக் கொண்டு முந்திய ஆண்டில்தான் தொடங்கப்பட்டிருந்த கெராக்கான் கட்சி பினாங்கு மாநில ஆட்சியைக் கைப்பற்றியது, சில தினங்களுக்குள் மே 13ஆம் தேதிக் கலவரம் தலைநகரில் மூண்டது, நாடாளுமன்றம் நிறுத்திவைக்கப்பட்டது. அடுத்த ஆண்டு ருக்குன் நெகாரா என்னும் தேசியக் கோட்பாடு பிரகடனம் செய்யப்பட்டது. அதற்கடுத்த ஆண்டில் சர்வகலாசாலைகள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் வந்தது.

இத்தகைய சூழ்நிலையில், 1970களின் தொடக்கத்தில், மிண்டன் வளாகத்தில் தொடர்பியல் பாடத்திட்டம் ஆரம்பமாயிற்று. நாட்டில் இத்துறையில் பட்டப்படிப்பை முன்னின்று தொடங்கிய சர்வகலாசாலை இதுவே. 1963 இறுதியில் தொலைக்காட்சி வந்திருந்தது. 1968இல் தேசியச் செய்தி நிறுவனமாகிய பெர்னாமா வந்திருந்தது. இவற்றை நடத்துவதற்கும், புதிய பொருளாதாரக் கொள்கையைக் கிராமங்களுக்கு விளக்குவதற்கும், இன ஒற்றுமையைப் போதிப்பதற்கும் பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டியிருந்தார்கள். அப்போது உலகெங்கும் செல்வாக்குப் பெற்றிருந்த வில்பர் ஷ்ராம், டேனியல் லெர்னர் ஆகிய அமெரிக்க அறிஞர்களின் கொள்கையும் அதற்கு இசைந்திருந்தது. வானொலியும் பத்திரிகையும் பரவினால் ஜனங்களின் மனப்பாங்கு மாறும், மனப்பாங்கு மாறினால் தேசம் முன்னேறும் என்பது அக்கொள்கையின் சாரம். அதை முற்றிலும் தவறு என்று ஒதுக்குவதற்கில்லை. மலேரியா தடுப்பைப் பற்றியும் தாய்சேய் நலத்தைப் பற்றியும் தோட்டப்புறத்துக்கு வானொலி கொண்டுபோன செய்திகள் உயிர்களைக் காத்திருக்கின்றன. ஆனால் பேசும் அதிகாரம் ஓரிடத்திலும் கேட்கும் கடமை மற்றோரிடத்திலுமாகப் பிரிந்திருப்பதை அக்கொள்கை இயற்கை நியதியாகவே ஏற்றுக்கொண்டது.

அந்த நியதியைக் கேள்விக்கு உட்படுத்தும் துணிவு பினாங்கில் வகுப்பறைக்கு உள்ளேயும் வெளியேயும் ஒருங்கே தோன்றியதே இந்நகரின் விசேஷம். மிண்டனில் அரசியல் கற்பித்துக்கொண்டிருந்த சந்திரா முஸாஃபர் 1977ஆம் ஆண்டில் 'அலிரான்' என்ற சீர்திருத்த இயக்கத்தைத் தொடங்கினார். அது வெளியிட்ட ஆங்கில மாதப் பத்திரிகை, பெரிய பத்திரிகைகள் எழுதத் தயங்கிய விஷயங்களை நிதானமான நடையில் எழுதிற்று. தமிழகத்திற் பிறந்து இத்தீவையே தமது ஊராக்கிக்கொண்ட எஸ்.எம். முகமது இத்ரீஸ் தலைமையிலான பினாங்குப் பயனீட்டாளர் சங்கம், விளம்பரங்கள் சாதாரண மக்களை எவ்வாறு மயக்குகின்றன என்பதை ஆங்கிலத்தில் மட்டுமன்றி மலாய், சீனம், தமிழ் ஆகிய பாஷைகளிலும் ஜனங்களுக்கு எடுத்துச் சொல்லிற்று. உலகச் செய்திகள் ஒரு சில மேல்நாட்டு நிறுவனங்களின் கையில் இருப்பதைப் பற்றி ஷான் மெக்பிரைட் தலைமையில் யுனெஸ்கோ நியமித்த குழு 1980இல் தன் அறிக்கையை வெளியிட்டது. நான்காண்டுகளில் மூன்றாம் உலக நாடுகளின் பொதுநல அமைப்புக்களை இணைக்கும் வலையமைப்பு ஒன்று பினாங்கைத் தலைமையகமாகக் கொண்டு உருவாயிற்று. உலகத்தில் எவர் பேசுகிறார், எவர் கேட்கவைக்கப்படுகிறார் என்ற விவாதம் பாரிஸ் நகரத்து மண்டபங்களில் நடந்தவாறே இத்தீவின் சிறிய அலுவலகங்களிலும் நடந்தது.

பிற்பாடு மிண்டனின் தொடர்பியல் ஆசிரியர்களான ஸஹரோம் நயின், முஸ்தபா கே. அனுவார் போன்றோர், பத்திரிகை என்ன சொல்கிறது என்பதை ஆராயுமுன் அப்பத்திரிகை எவருக்குச் சொந்தம் என்பதை ஆராய வேண்டும் என்ற பார்வையைத் தங்கள் எழுத்துக்களில் வற்புறுத்தினார்கள். மலேசியாவில் இது வெறும் தத்துவமன்று. 'உத்துசான்' பத்திரிகை மலாய்க்காரர் கட்சியாகிய அம்னோவின் கையில் இருந்தது. 1971 செப்டம்பரில் பினாங்கில் தோன்றிப் பின்னர் தலைநகர்ப் பக்கம் இடம்பெயர்ந்த 'ஸ்டார்' சீனர் கட்சியாகிய ம.சீ.ச.வின் உடைமையாயிற்று, 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய 'தமிழ் நேசன்' இந்தியர் கட்சியாகிய ம.இ.கா.வின் தலைவராக நெடுங்காலம் விளங்கிய சாமிவேலுவின் குடும்பத்துக்குச் சொந்தமாயிற்று. அன்றைய ஆளுங் கூட்டணியின் ஒவ்வோர் அங்கத்துக்கும் ஒவ்வொரு பாஷையில் ஒரு பத்திரிகை. எல்லாப் பத்திரிகைகளின் தலைக்கு மேலும் 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டத்தின் கீழ், 2012 வரை ஆண்டுதோறும் புதுப்பிக்கவேண்டியிருந்த அனுமதிப் பத்திரம். சொந்தக்காரரும் அனுமதி தருபவரும் ஒரே கூட்டணியினராக இருக்கும்போது, ஆசிரியர் எழுதிய தலையங்கத்தின் சொற்களை மட்டும் எண்ணிப் பார்க்கும் ஆராய்ச்சி எத்துணைத் துல்லியமாக இருப்பினும் பயன் சிறிதேயாகும்.

1987ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் தேதி தொடங்கிய லாலாங் நடவடிக்கை இப்பாடத்தை நூல்களின் துணையின்றியே கற்பித்துவிட்டது. நூற்றுக்கும் மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ச் சிறைப்பட்டார்கள். சந்திரா முஸாஃபரும், பினாங்கின் ஜெலுத்தோங் தொகுதி நாடாளுமன்ற உறுப்பினர் கர்ப்பால் சிங்கும் அவர்களுள் அடங்குவர். 'ஸ்டார்', 'சின் சியூ', 'வாத்தான்' ஆகிய மூன்று பத்திரிகைகளின் அனுமதி நிறுத்திவைக்கப்பட்டது. ஆளுங்கட்சியொன்றுக்குச் சொந்தமான பத்திரிகையும் தப்பவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 'ஸ்டார்' நிறுவனத்தின் தலைவராக இருந்தவர் நாட்டின் முதற் பிரதமரும் பினாங்குவாசியுமான துங்கு அப்துல் ரஹ்மான்; அவர் அதில் வாரந்தோறும் எழுதி வந்த கட்டுரைகள் அப்போதைய பிரதமர் மகாதீருக்கு உவப்பாக இருந்ததில்லை. 1988 மார்ச் மாதத்தில் 'ஸ்டார்' மீண்டும் வெளிவந்தபோது துங்குவின் அந்தப் பகுதி அதில் இடம்பெறவில்லை. தேசத்தின் தந்தை என்று போற்றப்பட்டவருக்கே இந்த நிலை ஏற்பட்டதைக் கண்ட மற்றப் பத்திரிகாசிரியர்களின் மனத்தில் என்ன பதிந்திருக்கும் என்பதை அளக்க எந்த அளவுகோலும் கிடையாது. அச்சம் தலையங்கங்களில் எழுதப்படுவதில்லை, எழுதப்படாமற் போன தலையங்கங்களில்தான் அது வசிக்கிறது.

1987ஆம் ஆண்டின் வழக்கு ஒன்று இதைக் காட்டிலும் ஆராய்ச்சிக்கு உரியது என்பது என் அபிப்பிராயம். அலிரான் இயக்கம் தன் ஆங்கிலப் பத்திரிகையை நடத்திவந்ததோடு, மலாய் மொழியிலும் ஒரு பத்திரிகை வெளியிட அனுமதி கோரியது. உள்துறை அமைச்சு மறுத்தது. அலிரான் நீதிமன்றம் சென்றது. மறுப்பை அமைச்சர் மறுபடி பரிசீலிக்க வேண்டுமென உயர்நீதிமன்ற நீதிபதி ஹாருன் ஹாஷிம் தீர்ப்பளித்தார். பின்னர் உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றிற்று. இடையே, 1987 டிசம்பரில், அனுமதி விஷயத்தில் அமைச்சரின் முடிவை நீதிமன்றம் விசாரிக்க இயலாதபடி சட்டமே திருத்தப்பட்டது. இனி, ஒரே இயக்கம், ஒரே கருத்து, ஒரே ஆசிரியர் குழு. ஆங்கிலத்திற் சொன்னால் பொறுத்துக்கொள்ளலாம், மலாயிற் சொன்னால் பொறுக்கலாகாது என்று ராஜாங்கம் கருதியதன் காரணம் என்ன? ஆங்கிலத்தில் வருவதைப் பட்டணத்துப் படிப்பாளிகள் சிலர் படிப்பார்கள். மலாயில் வருவது கம்பம் என்னும் மலாய்க் கிராமத்துக்கும் வயலுக்கும் போகும். எந்தக் கருத்து என்பதைவிட எந்தப் பாஷையில், எவர் காதில் விழுகிறது என்பதே அதிகாரத்தின் கவலையாக இருந்திருக்கிறது. ஆகவே பாஷைவாரியாகப் பார்க்காத மலேசியத் தொடர்பியல் ஆராய்ச்சி, ராஜாங்கமே நன்கு அறிந்திருந்த விஷயத்தைத் தான் அறியாமல் இருக்கிறது என்று சொல்ல வேண்டும்.

இந்தக் கண்ணோட்டத்தோடு தமிழ்ப் பத்திரிகைகளின் பக்கம் வருவோமானால், இத்துறைக்கு இதைவிடச் செழிப்பான வயல் வேறில்லை என்பது விளங்கும். 2007 ஆகஸ்டில் 'மக்கள் ஓசை' நாளிதழ், கிறிஸ்தவர் மனம் புண்படத்தக்க ஒரு படத்தை வெளியிட்டதற்காக ஒரு மாதம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டு நவம்பர் 25ஆம் தேதி இந்தியர் உரிமை கோரிய இண்ட்ராஃப் இயக்கத்தின் அழைப்பை ஏற்று ஆயிரக்கணக்கான இந்தியர்கள் கோலாலம்பூரில் திரண்டார்கள்; கண்ணீர்ப்புகையும் ரசாயனம் கலந்த நீரும் அவர்கள்மீது பாய்ச்சப்பட்டன. 2008 மார்ச் 8ஆம் தேதிப் பொதுத்தேர்தலில் பினாங்குச் சட்டமன்றத்தின் நாற்பது இடங்களுள் இருபத்தொன்பது எதிர்க்கட்சிகளின் வசமாயின. அடுத்த மாதம் 'மக்கள் ஓசை'யின் அனுமதி புதுப்பிக்கப்படாமல் மறுக்கப்பட்டு, மேல்முறையீட்டின் பின்னரே திரும்பக் கிடைத்தது. அத்தேர்தலில் இணையத்தின் வலிமையைக் குறைவாக மதிப்பிட்டுத் தோற்றோம் என்று பிரதமர் அப்துல்லா அகமது படாவியே பின்னர் ஒப்புக்கொண்டார். அவர் கூற்று மேலெழுந்தவாரியாக மேற்கோள் காட்டப்பட்டு, 2008ஐ இணையத்தின் வெற்றி என்று முடிவு கட்டுவது எளிதாகிவிட்டது. தோட்டத்திலிருந்து வெளியேறிப் பட்டணத்து அடுக்குமாடிகளில் வசித்த தமிழ்த் தொழிலாளி அந்த நாட்களில் எத்தனை வலைத்தளம் படித்திருப்பார் என்று கேட்டால் அம்முடிவின் பலவீனம் தெரியும். கைப்பேசியில் வந்த குறுஞ்செய்தி, கோயில் வாசலில் நடந்த பேச்சு, தேநீர்க் கடையிற் பலர் கைமாறிய நாளிதழ், வட்டில் பதிந்து வீடு வீடாகச் சென்ற படக்காட்சி ஆகிய இவற்றின் கூட்டுப் பயனாகத்தான் ஒரு சமூகம் அரைநூற்றாண்டு வாக்களித்துவந்த பழக்கத்தை மாற்றிக்கொண்டிருக்கும். நவம்பர் 25க்கும் மார்ச் 8க்கும் இடைப்பட்ட மூன்றரை மாதத் தமிழ் நாளிதழ்களை எடுத்துவைத்துக்கொண்டு, தலைப்புக்களையும் படங்களையும் மட்டுமன்றி, வாசகர் கடிதங்களையும், கோயில் திருவிழா அறிவிப்புக்களையும், தலைவர்களுக்கு வாழ்த்துக் கூறும் முழுப்பக்க விளம்பரங்கள் எந்த வாரத்திற் குறைந்தன என்பதையும் ஒரு மாணவர் நுணுகிப் பார்ப்பாரானால், அது நல்லதொரு பட்ட ஆய்வாகும்.

அத்தேர்தல் தொடர்பாக மற்றொரு செய்தியும் இங்கே பொருந்தும். பினாங்கின் பெருநிலப் பகுதியிலுள்ள பத்து காவான் நாடாளுமன்றத் தொகுதியில் எதிரெதிராக நின்ற இருவரும் சர்வகலாசாலையிலிருந்து அரசியலுக்கு வந்தவர்கள். மாநிலத்தின் முதலமைச்சராகப் பதினெட்டு ஆண்டுகள் இருந்த கோ சூ கூன், மிண்டனில் விரிவுரையாளராகப் பணியாற்றியவர். அவரை வென்ற பி. ராமசாமி, தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் விஞ்ஞானப் பேராசிரியராக இருந்து, 2005இல் ஒப்பந்தம் நீட்டிக்கப்படாமல் வெளியேறியவர். வெற்றிக்குப்பின் மாநிலத்தின் இரண்டாவது துணை முதல்வரானார். அரசியலை ஆராய்பவர் அரசியலுக்குள் நுழைவது பினாங்கில் கெராக்கான் தோன்றிய 1968 தொட்டு வரும் மரபாகவே தோன்றுகிறது.

மேடைப் பேச்சைப் பற்றிச் சிறிது விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழகத்தில் இத்துறை ஓரளவு வளம் பெற்றிருக்கிறது: நாடகமும் சினிமாவும் தேசிய இயக்கத்தின் தூதுவர்களாக இயங்கிய வரலாற்றை சு. தியடோர் பாஸ்கரன் 1981இல் ஆங்கில நூலாக்கினார், எம்.ஜி.ஆரின் திரைப் பிம்பம் ஏழைகளின் அரசியலில் ஆற்றிய வேலையை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் ஆராய்ந்தார்; மதுரையில் நெடுநாள் தங்கி மேடைத் தமிழைக் கேட்ட பெர்னார்ட் பேட் என்ற அமெரிக்க மானிடவியலாளர், திராவிட இயக்கப் பிரசங்கத்தின் அழகியலைப் பற்றி 2009இல் ஒரு நூல் வெளியிட்டார். அந்த மேடைத் தமிழ் கடல் கடந்து பினாங்குக்கு வந்து வேறு உருவம் எடுத்தது. 1978ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலின்போது திறந்தவெளிப் பொதுக்கூட்டங்களுக்குத் தடை விதிக்கப்பட்டதன் விளைவாக, 'செராமா' என்று எல்லா இனத்தவரும் சொல்லும் சிறு கூட்டமே அரசியற் பேச்சின் பிரதான வடிவமாயிற்று. மண்டபத்திலோ வீட்டு முற்றத்திலோ கடைவரிசைக்குப் பின்னாலோ நடைபெறும் அக்கூட்டத்தில் தமிழ்ப் பேச்சாளர் மலாயில் முகமன் கூறித் தொடங்கி, சட்டத்தைப் பற்றிச் சொல்லும்போது ஆங்கிலத்துக்கும், கோபத்தையும் பரிகாசத்தையும் வெளியிடும்போது தமிழுக்கும், எதிரே நிற்கும் போலீஸ்காரருக்குக் கேட்க வேண்டியதைச் சொல்லும்போது மறுபடி மலாய்க்கும் மாறுவார். எந்த வாக்கியத்தை எந்தப் பாஷையிற் சொன்னார் என்பதைக் குறித்துவைக்காத செய்தியறிக்கை, அப்பேச்சின் பாதியைத் தவறவிட்டதாகும். 2010இல் மாநில அரசு பாடாங் கோத்தாக் கடற்கரையில் பொதுமக்கள் தடையின்றிப் பேசுவதற்கென ஓரிடத்தை ஒதுக்கிற்று; எனினும் உயிருள்ள பேச்சு ஒதுக்கப்பட்ட இடத்துக்கு வெளியிலேதான் அதிகம் நடந்தது.

தைப்பூசத்தையும் இவ்வாராய்ச்சியில் சேர்க்க வேண்டும் என்றால் சிலர் வியக்கலாம். தண்ணீர்மலைக்குச் செல்லும் சாலையின் இருமருங்கிலும் அமைக்கப்படும் தண்ணீர்ப் பந்தல்களிற் கம்பெனிகளின் பெயரும் அமைப்புக்களின் பெயரும் அரசியல்வாதிகளின் முகங்களும் தொங்குவதையும், மாலையிட்ட அமைச்சர்கள் கூட்டத்தின் நடுவே ஆலயங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் மானியம் அறிவிப்பதையும் பார்த்தவர்கள் வியக்கமாட்டார்கள். நகரத்தார் வழிவழியாக நடத்திவரும் வெள்ளி ரதத்தோடு, மாநில அரசைச் சார்ந்த இந்து அறப்பணி வாரியம் 2017இல் தங்க ரதம் ஒன்றையும் ஊர்வலத்தில் விட்டபோது, இரண்டு ரதங்கள் எந்த வரிசையில், எந்த நேரத்திற் செல்வது என்ற விவாதம் ஊர் முழுவதும் எழுந்தது. பக்தியின் பெயரால் நடந்தாலும் அது அதிகாரத்தைப் பற்றிய பேச்சே. அமெரிக்கத் தேர்தற் பிரசாரத்தைக் கண்டு வகுத்த சூத்திரங்களுக்குள் அதை அடைக்க இயலாது. அதற்குரிய சூத்திரங்களை இங்கேயே, தமிழ் தெரிந்தவர்கள் வகுக்க வேண்டும்.

அதற்கு வேண்டிய மூலாதாரங்கள் அழிந்துகொண்டிருப்பது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இராம சுப்பையா 1969ஆம் ஆண்டில், மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வெளிவந்த தமிழ் நூல்களையும் இதழ்களையும் அரிதின் முயன்று ஒரு பட்டியலாகத் தொகுத்தளித்தார். சிங்கப்பூரில் 'தமிழ் முரசு' நாளிதழின் பழைய இதழ்கள் தேசிய நூலகத்தின் முயற்சியால் கணினியிற் படிக்கக் கிடைக்கின்றன. தொண்ணூற்று நான்கு ஆண்டு வாழ்ந்த 'தமிழ் நேசன்' 2019 பிப்ரவரியில் நின்றுபோயிற்று. அச்சிட்ட தாளாவது நூலகத்தில் எங்கேனும் இருக்கும். செராமாப் பேச்சுக்களோ அவரவர் கைப்பேசியில் இருந்து, கைப்பேசி பழுதானதும் மறைகின்றன. புலன (வாட்ஸ்அப்) குழுக்களிற் சுற்றிய தமிழ்க் குரற்பதிவுகள் தேர்தல் முடிந்த வாரமே துடைக்கப்பட்டுவிடுகின்றன. மிண்டன் வளாகம் நகரத்திலிருந்து சில கல் தூரத்திலேதான் இருக்கிறது. அங்கே பயிலும் தமிழ் மாணவர்கள் தத்தம் தொகுதியின் பதிவுகளை நாளும் இடமும் குறித்துச் சேகரித்தாலே பத்தாண்டுகளில் ஓர் அரிய களஞ்சியம் சேரும்.

மாணவர்கள் என்று சொல்லும்போது அவர்களைக் கட்டிப்போட்டிருந்த சட்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1974 இறுதியில் பாலிங் வட்டாரத்து ரப்பர்ச் சிறுதோட்டக்காரர்களின் வறுமைக்காக மாணவர்கள் கிளர்ந்தெழுந்ததன் எதிரொலியாக, 1975இல் சர்வகலாசாலைச் சட்டம் கடுமையாக்கப்பட்டு, மாணவர் அரசியற் கட்சியிற் சேர்வதும் அதற்கு ஆதரவு காட்டுவதும் குற்றமாயின. இச்சட்டத்தின் விசித்திரம் 2010இல் வெளிப்பட்டது. தேசியப் பல்கலைக்கழகத்தின் அரசியல் விஞ்ஞான மாணவர் நால்வர் உலு சிலாங்கூர் இடைத்தேர்தலின்போது அத்தொகுதியிற் காணப்பட்டார்கள் என்பதற்காக ஒழுங்கு விசாரணைக்கு உட்படுத்தப்பட்டார்கள். தேர்தலைப் படிக்கும் மாணவன் தேர்தல் நடக்கும் ஊருக்குப் போவது குற்றமென்றால், அந்தப் படிப்புக்குப் பட்டம் கொடுப்பானேன்? அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2011 அக்டோபர் 31ஆம் தேதி மேல்முறையீட்டு நீதிமன்றம், அச்சட்டத்தின் குறிப்பிட்ட பிரிவு அரசியல் சாசனத்துக்கு முரண்பட்டது என்று பெரும்பான்மைத் தீர்ப்பு வழங்கிற்று. 2012இல் வளாகத்துக்கு வெளியே அரசியற் கட்சியில் ஈடுபடவும், 2018 டிசம்பரில் நிறைவேறிய திருத்தத்தால் வளாகத்துக்கு உள்ளேயே ஈடுபடவும் வழி பிறந்தது.

இத்தனை ஆண்டு காலம் நீடித்த தடையின் தீமை, மாணவர் கட்சியிற் சேர முடியாமற் போனதோடு நிற்கவில்லை. களத்துக்குப் போகாமல் பத்திரிகைக் கத்தரிப்புக்களை வைத்தே ஆராயும் பழக்கம் அதனால் வேரூன்றிற்று. பதிப்பாகி வந்தது எதுவோ அதுவே அரசியல் தொடர்பு என்ற எண்ணம் வளர்ந்தது. பேச்சும் வதந்தியும் பாட்டும் ஆய்வேடுகளுக்கு வெளியே நின்றன. தடை நீங்கியபின் அந்தப் பழக்கம் தானாக நீங்கிவிடாது.

மாணவர் மீதிருந்த தடை நீங்கியது ஒருபுறமிருக்க, வாக்களிக்கும் வயதைப் பதினெட்டாகக் குறைத்த சாசனத் திருத்தம் 2019 ஜூலையில் நிறைவேறி, 2021 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது; 2022 நவம்பர் 19ஆம் தேதிப் பொதுத்தேர்தலில் முதலாண்டு மாணவர்களும் வாக்களித்தார்கள். டிக்டாக்கில் எவரை நோக்கிச் சுற்றிய படத்துணுக்குகளை எண்ணி வகைப்படுத்த வேண்டுமோ, அந்த இளம் வாக்காளரும் எண்ணுகின்ற ஆராய்ச்சியாளரும் இப்போது ஒரே வகுப்பில், பல சமயம் ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே இனி இத்துறையில் எழுதப்படும் ஒவ்வோர் ஆய்வேட்டின் முதல் அத்தியாயத்திலும், எத்தனை பேரிடம் பேட்டி கண்டேன் என்பதோடு, நான் எந்தப் பாஷையில் செய்தி கேட்கிறேன், எந்தக் குழுக்களில் அங்கத்தினனாக இருக்கிறேன், அவற்றுள் எதன் செய்தியை நம்பி மற்றவருக்கு அனுப்பினேன் என்பதையும் ஆசிரியர் எழுதிவைப்பது அவசியமாகும்.